உங்களைப் போல ஒருத்தர்

ஏழரை மணிக்கு டயாலிசிஸ் ஊசி குத்தினார்கள், பதினொன்றரைக்குத்தான் கழற்றுவார்கள். நடுவில் உள்ள நாலு மணி நேரம் எனக்குச் சொந்தமில்ல எக்கா, ஒனக்காவது இருக்கட்டும் என்று தம்பி ஜெபசிங் முதல் மாதமே எழுதிக் கொடுத்ததுபோல் சொல்லிவிட்டதால், திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் சுகிர்தா அந்த நாலு மணி நேரத்தில்தான் படித்தாள். பொதுச் சுகாதாரமும் சுகாதாரப் பொருளாதாரமும் சேர்ந்த முதுகலைப் படிப்பு. சேரும்போது நாற்பத்தாறு வயது, இப்போது நாற்பத்தெட்டு. கூடப் படிப்பவர்கள் பெரும்பாலும் பல் டாக்டர்கள், இருபத்தைந்து வயசுப் பிள்ளைகள், வாயைத் திறந்து காட்ட ஆள் வராததால் ஊர் மொத்தத்தின் ஆரோக்கியத்தையும் பார்த்துவிடலாம் என்று வந்தவர்கள். முதல் வாரம் மேடம் என்றார்கள், அடுத்த வாரம் அக்கா, பரீட்சை நெருங்க நெருங்க ஆன்ட்டி. பரவாயில்லை. ஓமானில் சோஹார் ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருஷம் சிஸ்டர் என்றே கூப்பிட்டார்கள், ஒரு பெயரும் நிலைக்கிறதில்லை. ஒப்பந்தம் முடிந்து திரும்பி வந்தபோது பெட்டியைப் பிரிக்கக்கூட விடாமல் இவன் சிறுநீரகம் கெட்டுக் கால் வீங்கி உட்கார்ந்திருந்தான். அதற்கப்புறம் இந்த அறை, இந்த நீலப் பிளாஸ்டிக் நாற்காலி, பினாயில் வாசனை, ஏசி குளிர், மிஷினின் அந்தச் சின்னச் சக்கரம் சுற்றிச்சுற்றி ரத்தத்தைத் தள்ளுகிற ஓசை. நர்ஸாக இருந்தவள் என்பதால் உள்ளே உட்கார விட்டார்கள். மடியில் மடிக்கணினி. காதில் இயர்போன். இன்றைக்குப் பன்னிரண்டு மணிக்குள் ஆய்வேட்டை அனுப்பியாக வேண்டும், அனுப்பினால் படிப்பு முடிந்தது, ஜூன் மாதம் மதுரையில் ஒரு நிறுவனத்தில் வேலை காத்திருக்கிறது, சான்றிதழோடு வா என்றிருக்கிறார்கள். மீதி இருப்பது ஒரே வேலை. வழிகாட்டி தில்லைநாயகம் சார் நேற்று சாயங்காலம் அதைச் சாவகாசமாக எழுதியிருந்தார்: பேட்டிகளில் ஐந்தை வார்த்தைக்கு வார்த்தை எழுதிப் பின்னிணைப்பாக வைத்துவிடுங்கள், அழகாக இருக்கும்.

அழகாகத்தான் இருக்கும் என்று பன்னிரண்டாம் எண் பேட்டியைத் திறந்தாள். இதுவரை ஒன்றையும் திரும்பக் கேட்டதில்லை. கேட்டு அப்போதே படிவத்தில் எண்ணை எழுதிவிடுவாள், ஒலிப்பதிவு சும்மா ஒரு காவலுக்கு. பதிவுக் கருவியே ஜெபாவுடையதுதான். கல்யாண வீட்டுக்கும் கோயில் கொடைக்கும் மைக் செட் கட்டுகிறவன், கீழ போட்ராத எக்கா, அது எனக்குக் கிட்னி மாதிரி என்று சொல்லித்தான் கொடுத்தான். கேள்வி ஒரே கேள்வி. அறுபத்திநாலு நோயாளிகளிடம், மூன்று ஆஸ்பத்திரிகளில், ஒரே கேள்வி. இதே நிலையில், வாரம் மூன்று நாள் மிஷினில் படுத்தபடி, இன்னும் பத்து வருஷம் உங்களுக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பதில் நோயே இல்லாத உடம்பு கிடைக்கும், ஆனால் வருஷம் குறையும். எத்தனை வருஷத்தை விட்டுக்கொடுப்பீர்கள்? நாலு என்றால் மீதி ஆறு, பத்தில் ஆறு, அவர் இந்த மிஷினோடு வாழ்கிற ஒரு வருஷத்துக்குக் கணக்கில் ஏழு மாசத்துக்குக் கொஞ்சம் மேலே மதிப்பு. ஒன்றும் கொடுக்க மாட்டேன் என்றால் ஒரு வருஷம் ஒரு வருஷமாகவே நிற்கும். வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுத்தபோது என்ன சுத்தமாக இருக்கிறது என்று தோன்றியது, வார்டில் இருபத்திரண்டு வருஷம் பார்த்த முனகலையும் வாந்தியையும் ஒரு எண்ணுக்குள் மடித்து வைக்க முடியும் என்று. எண் சொன்னவர்களின் சராசரி அரை வந்தது. ஒரு வருஷத்துக்கு ஆறு மாசம். சாருக்குச் சந்தோஷம், ரொம்பச் சீரான எண்கள் சுகிர்தா, இதை ஒரு பக்கமாகச் சுருக்கித் தாருங்கள், சின்ன ஊர்களில் டயாலிசிஸ் படுக்கையைக் கூட்டலாமா என்று யோசிக்கிற கமிட்டியில் நான் இருக்கிறேன், அங்கே வைக்கிறேன் என்றார். காதுக்குள் பன்னிரண்டாம் எண் பேச ஆரம்பித்தது. கரகரப்பு, ஒரு இருமல், கட்டில் சத்தம், பிறகு அவளுடைய குரல், சர்க்கரை போட்ட குரல். அண்ணாச்சி, உங்களைப் போல ஒருத்தர் இருக்காருன்னு வைங்க. அவருக்கு இன்னும் பத்து வருஷம் இருக்கு. அண்ணாச்சி பெருமூச்சு விடுவது கேட்டது. பாவம், அவரு ஒரு அஞ்ச குடுத்துட்டு நிம்மதியா இருந்துட்டுப் போகட்டும்மா.

நிறுத்தினாள். மறுபடி ஓட்டினாள். உங்களைப் போல ஒருத்தர். படிவத்தைத் திறந்து பார்த்தாள். அச்சில் தெளிவாக உங்களுக்கு என்றுதான் இருந்தது, அவளே மொழிபெயர்த்து, சார் பார்த்து, நெறிமுறைக் குழு முத்திரை குத்தியது. இருபத்தைந்தாம் எண். அம்மா, உங்களைப் போல ஒருத்தங்க. முப்பத்தெட்டு. உங்கள மாதிரி ஒரு ஆளு. ஐம்பத்தொன்று, அறுபத்திநாலு, எல்லாவற்றிலும் அந்த யாரோ ஒருத்தர் வந்து உட்கார்ந்துகொண்டிருந்தார். அவருக்காக எல்லாரும் இரக்கப்பட்டார்கள், தாராளமாக விட்டுக்கொடுத்தார்கள், நாலு, அஞ்சு, ஒரு பாட்டி எட்டு. எப்போது ஆரம்பித்தேன்? பின்னாலிருந்து முன்னால் போனாள். பத்து, ஏழு, நாலு, அங்கேயும் ஒருத்தர். மூன்றாம் எண்ணில் இல்லை. முதல் மூன்று பேரிடம் படிவத்தில் உள்ளபடியே கேட்டிருக்கிறாள். மூன்றாவது, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், ஒரு நாள்கூடத் தர மாட்டேன், அடுத்த கேள்வி என்கிறார். இரண்டாவதில் நோயாளி பேசவேயில்லை, அவர் மனைவி அழுதுகொண்டே கருவியை அணைக்கச் சொல்கிறாள். முதல் பேட்டி செல்லத்தங்கம், ஐம்பத்திரண்டு வயது, கேள்வியை முழுதாகக்கூட முடிக்க விடவில்லை. வெள்ளிக்கிழமயும் அதுவுமா நல்ல வாயால கேக்குற கேள்வியா இது? ஒன் ஆயுசக் குடேன். எழும்பிப் போ. அந்தக் குரலின் சூட்டைச் சுகிர்தா நன்றாக நினைவு வைத்திருந்தாள், அன்று வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளித்தது வரை. அடுத்த நாள் வாய் தானாகப் பாதையை மாற்றிக்கொண்டதுதான் நினைவில் இல்லை.

வாய் என்ன செய்யும். யாருக்கோ கையில் வெட்டுப்பட்டதைச் சொல்லும்போது தன் கையைத் தொட்டுக் காட்டிவிட்டால் அம்மா வெடுக்கென்று தட்டிவிடுவாள், ஒம் மேல வச்சுச் சொல்லாத. காட்டிய இடத்தை ஊதிவிடுவாள். ஞாயிறு தவறாமல் வேதக்கோயிலுக்குப் போகிற, சகுனம் பார்ப்பது பாவம் என்று பிரசங்கம் கேட்கிற அம்மா. வார்டிலும் அதேதான். இந்த மாத்திரைக்குச் சில பேருக்கு வாந்தி வரும். சில பேருக்கு முடி கொட்டும். ஒருமுறையும் உங்களுக்குக் கொட்டும் என்று சொன்னதில்லை, எதிரில் இருப்பவரின் தலையில் நல்லதை மட்டும் வைக்கணும், கெட்டதை இல்லாத ஒருத்தர் தலையில் இறக்கிவிடணும், அந்த ஒருத்தர் தாங்குவார், அவர் எவ்வளவு வேண்டுமானாலும் தாங்குவார். மலையாளி நர்சுகளும் அப்படித்தான், பிலிப்பினோப் பெண்கள் மட்டும் நேருக்கு நேர் சொல்லிவிடுவார்கள், அவர்களை நாங்கள் கல்நெஞ்சு என்போம். பத்தாவது வரை தமிழில் படித்துவிட்டு நர்சிங் கல்லூரியில் இங்கிலீஷில் விழுந்து எழுந்தவள். இங்கிலீஷில் என்றால் யாரிடமும் எதையும் கேட்டுவிடலாம் போல இருக்கும், நாக்குக்குக் கையுறை போட்ட மாதிரி. தமிழில் கேட்கும்போது கையுறை கிடையாது. நோயாளியின் முகத்தைப் பார்த்து உன் ஆயுசில் எவ்வளவு வெட்டலாம் என்று கேட்பதற்கு அறுபத்தோரு தடவை அவளுக்கு நாக்கு வரவில்லை. அவ்வளவுதான் விஷயம். அதை எந்தப் பாடப்புத்தகத்திலும் பிழை என்று போடவில்லை, ஏனென்றால் புத்தகம் எழுதியவனுக்கு இந்தப் பிழை வந்திருக்காது.

எக்கா. ஜெபா கண்ணைத் திறக்காமலே கூப்பிட்டான். ஒம் மூஞ்சி ஏன் பேட்டரி எறங்குன மைக் மாதிரி இருக்கு. கண் மூடிக்கொண்டு எப்படிலே பார்த்த என்று கேட்டாள். பாக்கல, டைப் அடிக்கிற சத்தம் நின்னு அரை மணி நேரமாச்சு என்றான். சிரிக்க வேண்டிய இடம், சிரித்தாள். அவன் இடது கை போர்வைக்கு வெளியே, ரத்தக்குழாயைச் சேர்த்துத் தைத்த இடம் கயிறு முறுக்கினதுபோல் புடைத்து, இரண்டு ஊசி, இரண்டு குழாய். சக்கரம் சுற்றியது. அப்போதுதான் அது வந்து மாட்டியது, இவ்வளவு நேரமும் அதைச் சுற்றிச்சுற்றியே நினைத்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. இவனிடம்தான் முதன்முதலில் கேட்டாள். செல்லத்தங்கத்துக்கும் முன்னால், படிவம் சரிப்பட்டு வருமா என்று ஒரு ஒத்திகைக்கு, போன வருஷம், இதே நாற்காலி. கூடப்பிறந்தவனிடம் உனக்கு என்று எப்படிக் கேட்பது, அதனால் ஒருத்தன் இருக்கான்னு வச்சுக்கோலே, ஒன்னய மாதிரி என்று ஆரம்பித்தாள். ஜெபா யோசிக்கவேயில்லை. அஞ்ச விட்டுறச் சொல்லு அவன, மிச்சம் அஞ்சு வருஷம் எளநியும் மீன் கொழம்புமா இருக்கச் சொல்லு. இளநீர் அவனுக்கு ஆகாதென்று டாக்டர் தடுத்திருந்தார். ஐந்து என்று எழுதிக்கொண்டாள். ஒத்திகை என்பதால் கணக்கில் சேரவில்லை. ஆனால் அவளுக்குள் சேர்ந்துவிட்டது. அன்றிலிருந்து ஒரு வருஷமாக, பத்தில் ஐந்தை விட்டெறிய நிற்கிறவன் என்றுதான் தம்பியைப் பார்த்து வருகிறாள். அளந்த தண்ணீருக்கு மேல் ஒரு டம்ளர் குடித்தால், வேண்டுமென்றே செய்கிறானோ என்று பார்ப்பாள். வேலைக்கு ஏணியில் ஏறினால் கீழே நின்று பார்ப்பாள். மாத்திரை அட்டையை அவனுக்குத் தெரியாமல் எண்ணி வைக்கிறாள். ஏன் மக்கா, அவ்வளவு வெறுத்துப்போச்சா என்று ஒருநாள்கூடக் கேட்கவில்லை, கேட்டால் ஆமாம் என்பானோ என்று. தன் ஒரு சிறுநீரகத்தைக் கொடுக்கலாம் என்று போனவளுக்கு, ரத்த வகை பொருந்தியும், சோதனையில் சர்க்கரை வந்து நின்றது, வேண்டாம் என்றுவிட்டார்கள். கொடுக்க முடியாதவளிடம் அவன் பாதியை விட்டுக்கொடுத்துக் காட்டினான் என்று எடுத்துக்கொண்டாள். அந்த ஐந்து யாருடைய ஐந்து? இளநீர் குடிக்கிற அந்த ஒருத்தன் யார்?

பத்து மணி. ஒரே ஒரு வரி போதும் என்று தோன்றியது, முறை பற்றிய அத்தியாயத்தில் ஒரு வரி: கேள்வி, நோயாளியைப் போன்ற இன்னொருவரைக் குறித்துக் கேட்கப்பட்டது. பொய் இல்லை. அப்படியும் ஆய்வுகள் உண்டு, யாருடைய மதிப்பை எடுப்பது, நோயில் இருப்பவனுடையதையா வெளியே நிற்பவனுடையதையா என்று பெரிய பெரிய ஆட்கள் சண்டை போட்டு எழுதியிருக்கிறார்கள். சார் அந்த வரியைப் பார்ப்பார், கண்ணாடியை நெற்றியில் ஏற்றுவார், சரி, வரம்புகள் பகுதியில் போட்டுவிடுங்கள் என்பார். வரம்புகள் பகுதி என்பது வீட்டுப் பரண் மாதிரி, வேண்டாததை ஏற்றிவிட்டால் யாரும் ஏறிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் ஒரு பக்கச் சுருக்கத்தில் பரணுக்கு இடம் இல்லை. அங்கே அரை என்கிற எண் மட்டும் போகும். பத்துப் பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, டயாலிசிஸில் இருப்பவர்களே தங்கள் ஒரு வருஷத்தை ஆறு மாசம் என்றுதான் மதிக்கிறார்கள், பிஸ்கட் எடுத்துக்கொள்ளுங்கள் என்பார்கள். அவர்கள் அப்படி மதிக்கவில்லை. கணக்கு வாத்தியார் மதிக்கவில்லை. செல்லத்தங்கம் மதிக்கவில்லை. நேராகக் கேட்கப்பட்டவர்கள் மூன்று பேர், ஒருவரும் ஒரு நாள்கூடத் தரவில்லை. அதில் இரண்டை எண் இல்லாத பதில்கள் என்று அவளே கழித்துக்கட்டியிருந்தாள். இன்னொரு பக்கம், யார் கண்டார்கள், நேராகக் கேட்டாலும் அறுபத்தோரு பேரும் அஞ்சு என்றே சொல்லலாம், அப்போது மதுரை வேலையும் போய் ஆறு மாசமும் போய் அதே அரையோடு வந்து நிற்கலாம். இவனும் அஞ்சு என்றே சொல்லலாம். அதுதான். சுற்றி வந்து அங்கேயே முட்டியது. அறுபத்தோரு பேரிடம் மறுபடி போவதற்குப் பயமில்லை, ஒருத்தனிடம் கேட்கத்தான்.

மிஷின் கத்தியது. டெக்னீஷியன் மகேஸ்வரி செருப்புச் சத்தத்தோடு வந்து ஒரு பொத்தானை அமுக்கி, கால் இழுக்குதா அண்ணே என்றாள். ஜெபா பல்லைக் கடித்துக்கொண்டு தலையசைத்தான். கெண்டைக்கால் இழுத்துப் பிடித்திருந்தது, உடம்பிலிருந்து தண்ணீர் வேகமாக இறங்கினால் அப்படித்தான். எத்தனை கிலோ தண்ணி ஏத்திட்டு வந்தீங்க, சர்பத் கடை வச்சிருக்கீங்களா என்று மகேஸ்வரி கேட்டுக்கொண்டே வேகத்தைக் குறைத்தாள். சுகிர்தா எழுந்து அவன் பாதத்தைத் தன் உள்ளங்கையில் வைத்து முன்னால் தள்ளிப் பிடித்தாள். கல்லாக இருந்த கால் கொஞ்சம் கொஞ்சமாக இளகுவதை விரலில் உணர்ந்தாள். நாளைக்குத் தேரூரில் ஒரு கிரகப்பிரவேசம் எக்கா, நாலு பெட்டி, ஒரு ஹார்ன், நீ எதுக்கும் கிட்ட வராத, அங்கன வந்தும் ஏணியப் பிடிச்சிட்டு நிக்காத, ஆளுக சிரிக்கானுவ என்றான். நாளைக்கு என்கிறான். ஒரு வருஷமாக நாளைக்கு, அடுத்த வாரம், ஐப்பசியில் ஒரு பெரிய பார்ட்டி என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறான், அந்த ஐந்து போட்ட சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. நாற்காலிக்குத் திரும்பினாள். மின்னஞ்சலைத் திறந்து ஆய்வேட்டை இணைத்தாள். தனியாக இன்னொரு மின்னஞ்சலும் எழுதினாள்: சார், அறுபத்தோரு பேட்டிகளில் நான் கேள்வியை மாற்றிக் கேட்டிருக்கிறேன், இப்போதுதான் தெரிந்தது, இன்று அனுப்பவில்லை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் திறந்திருந்தன. எதையும் அமுக்காமல் மடிக்கணினியின் மூடியை இறக்கிவைத்தாள்.

பதினொன்றரைக்கு ரத்தத்தையெல்லாம் திருப்பி அனுப்பிவிட்டு மகேஸ்வரி ஊசிகளை உருவினாள். பஞ்சை வைத்துப் பத்து நிமிஷம் அழுத்திப் பிடிக்கணும். அது எப்போதும் சுகிர்தாவின் வேலை, இரண்டு கட்டைவிரலும் இரண்டு இடத்தில். ரொம்ப அழுத்தினால் குழாய் அடைத்துவிடும், விட்டால் பீய்ச்சி அடிக்கும், நடுவில் ஒரு கணக்கு இருக்கிறது, அதை அவள் எங்கேயும் படித்ததில்லை. விரலுக்கடியில் ரத்தம் புறா மாதிரி குறுகுறுத்து ஓடியது. சுவர்க் கடிகாரத்தில் இரண்டு நிமிஷம் போனது. இரண்டு கையும் மாட்டிக்கொண்டிருந்தன; படிவம் இல்லை, பேனா இல்லை, பதிவுக் கருவி பைக்குள். முகத்தைப் பார்க்காமல், பஞ்சையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

“லே, போன வருஷம் ஒன்கிட்ட ஒண்ணு கேட்டேன். ஞாபகம் இருக்கா, பத்து வருஷம்.”

“மீன் கொழம்புக்காரனா?”

“அவன் இல்ல. நீ. ஒனக்குப் பத்து வருஷம் இருக்குன்னு வையி. இப்படியே, மிஷினோட. சீக்கு இல்லாம இருக்கணும்னா எத்தனய விடுவ?”

சொல்லிவிட்டாள். அம்மா இருந்திருந்தால் ஊதியிருப்பாள். நிமிர்ந்து ஜெபாவைப் பார்த்தாள். அவன் சிரிப்பு ஒன்றும் இல்லாமல் இவளையே பார்த்துக்கொண்டிருந்தான், டாக்டர் ரிப்போர்ட்டைப் படித்துச் சொல்லப்போவதைக் கேட்க உட்கார்ந்திருப்பவன் மாதிரி.

“எனக்குப் பத்து வருஷம் இருக்கா எக்கா?”

“பேச்சுக்குலே. வச்சுக்கோன்னுதான.”

“செரி, பேச்சுக்கே இருக்கட்டும்.” அந்தப் பத்தைக் கையில் வாங்கி எடை பார்ப்பவன்போல் வலது உள்ளங்கையை விரித்தான். “பத்து இருந்தா அதுல நான் எதுக்குக் கை வைக்கேன். ஒண்ணுகூட விட மாட்டேன். அவனுக்கென்ன, சும்மா வந்தவன், அஞ்சு என்ன ஏழுகூடக் குடுப்பான்.”

அவள் விரலின் அழுத்தம் மாறவில்லை. பிறகு நடந்ததைச் சொன்னாள், இயர்போனில் கேட்டது, சர்க்கரைக் குரல், அண்ணாச்சியின் பெருமூச்சு, சாரின் சந்தோஷம், மதுரை எல்லாவற்றையும். அவன் கேட்டுவிட்டு, மைக்கைத் திருப்பி வச்சுப் பேசியிருக்க, இவ்வளவு படிச்சும் என்றான். அப்படியென்றால் இன்றைக்கு அனுப்பப்போவதில்லையா என்று கேட்டான். இல்லை என்றாள், அதைச் சொன்ன பிறகுதான் முடிவாகிவிட்டது அவளுக்கே தெரிந்தது.

“அறுபத்தோரு பேர்ட்டயும் மறுபடி போவணும்.”

“எல்லாரும் இருக்காங்களா?”

அவள் ஒவ்வொரு முகமாக மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். பன்னிரண்டாம் எண் அண்ணாச்சி பங்குனியில். எட்டு என்று சொன்ன பாட்டி. நாற்பதாம் எண், அந்த லாரி டிரைவர்.

“மூணு பேரு இல்ல. அம்பத்தெட்டு.”

ஜெபா பஞ்சு அழுத்திய கையை அவளிடமே விட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தான்.

“அப்ப சீக்கிரம் போ.”

“இரி மக்கா,” என்றாள் சுகிர்தா. “இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு.”